இன்னோவா என்றால் எந்த இன்னோவா?

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும் சாலையில் உள்ள ஓர் உதிரிபாகக் கடையில் ஒரு நாள் காத்திருந்தபோது, வண்டிப்பெரியாற்றிலிருந்து மலையிறங்கி வந்திருந்த ஓட்டுநர் ஒருவர் இன்னோவாவுக்கு ஹெட்லைட் கேட்டார். கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. "எந்த இன்னோவாண்ணே? டைப்பு என்ன?" என்றார். வண்டி முதலாளியுடையது, டைப் என்ன என்பது ஓட்டுநருக்குத் தெரியவில்லை. "கிறிஸ்டா இல்லீங்க, பழைய இன்னோவாதான்" என்று சொல்லிப் பார்த்தார். "பேரை விடுங்கண்ணே, வருஷத்தைச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர். ஓட்டுநர் முதலாளிக்குப் போன் போட வெளியே போனார்.

டொயோட்டா 2005இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து 2016 வரை விற்ற அந்த முதல் இன்னோவாவையே, இடையிடையே முகப்பு மாறிய கணக்கில், டைப் 1 முதல் டைப் 4 வரை பிரித்துத்தான் உதிரிபாகச் சந்தை பேசுகிறது. நிறுவனத்தின் விளம்பரத்தில் அது என்றும் ஒரே இன்னோவாதான். இதற்கு நேர்மாறான கதையும் அதே கடையில் உண்டு. மஹிந்திரா 2015இல் கொண்டுவந்த டியூவி300, 2021இல் முகப்பும் சில பாகங்களும் மாறி, பொலிரோ நியோ என்ற பெயரில் வந்தது; பழைய கள், புதிய மொந்தை. பெயர் மாறாமலே வண்டி மாறுகிறது, வண்டி அதிகம் மாறாமலே பெயர் மாறுகிறது என்றால், மறுவடிவமைப்பும் பெயர்மாற்றமும் ஒன்றையொன்று பின்தொடர்பவை என்ற நம் எண்ணத்தில் எங்கோ கோளாறு இருக்கிறது.

பெயர் வண்டிக்கு உரியது என்று நினைப்பதால் வரும் கோளாறு அது. இயந்திரத்தின் அடையாளம் வண்டியில் பொறித்த சேஸிஸ் எண்ணில் இருக்கிறது. விற்பனைப் பெயர் குறிப்பதோ ஷோரூம் விலைப்பட்டியலில் அந்த வண்டி உட்காரும் இடத்தை. மறுவடிவமைப்பு அந்த இடத்தைத் தொடாதவரை பெயரை மாற்ற வேண்டிய தேவை எழுவதில்லை. இடம் மாறும்போதும், ஓரிடத்துக்கு இரண்டு வண்டிகள் போட்டியிடும்போதும், அந்த இடத்தின் மேல் ஊர் வைத்திருக்கும் மதிப்பு கெட்டுப்போகும்போதும்தான் பெயரில் கை வைக்கிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்கப் போட்டியே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும். அம்பாசிடர் 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை அதே பெயரில் வந்தது. நடுவே கிரில்லும் உட்புறமும் மாறியபோதெல்லாம் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று எண் மட்டும் ஏறியது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் வண்டிக்குக் காத்திருந்தவரிடம் புதிதாக எதையும் விற்கத் தேவையில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 கூட, 1986இல் அடித்தளம் முதல் உடல் வரை அடுத்த தலைமுறை சுசுகி ஆல்டோவின் வடிவத்துக்கு முழுதாக மாறியபோது, பெயரில் ஓர் எழுத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய மறுவடிவமைப்பு இன்று நடந்தால் ஒரு புதுப் பெயரோ, குறைந்தபட்சம் பெயருக்குப் பின்னால் ஒரு வாலோ இல்லாமல் போயிருக்காது. மாருதியின் போட்டி அழுத்தத் தொடங்கிய பிறகுதான், 1990இல், அம்பாசிடருக்கே நோவா என்ற அலங்காரப் பெயர் வந்து ஒட்டியது.

தாராளமயத்துக்குப் பின் நிலைமை தலைகீழானது. அதில் கவனிக்க வேண்டியது, புதிய வண்டி வந்த பிறகும் பழைய வண்டி போக மறுத்ததுதான். ஒரு காரின் தகடுகளை அழுத்தும் டைகளுக்கும், உடலைப் பொருத்தும் சட்டங்களுக்கும், துணைப்பாகம் தருவோரின் அச்சுகளுக்கும் போட்ட முதலீடு சில ஆண்டுகளில் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வண்டியைத் தொடர்ந்து செய்வதற்குப் பொருள் செலவும் கூலியும்தான் முக்கியம். அந்த நிலையில், அதைவிட விலை கூடிய புதிய வடிவம் தயாராகிவிட்டது என்பதற்காகப் பழையதை நிறுத்துவது, காய்க்கும் மரத்தை வெட்டுவது போன்றது. இரண்டும் ஒரே ஷோரூமில் நிற்கலாம். ஒரே பெயரில் நிற்க முடியாது. யாராவது ஒருவர் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்த ஆக்சென்ட் 1999இல் வந்தது. அதன் அடுத்த தலைமுறை உலகின் பல நாடுகளில் ஆக்சென்ட் என்றே விற்றபோது, இங்கே 2006இல் வெர்னா ஆனது. பழைய ஆக்சென்ட் இங்கே 2013 வரை விற்பனையில் இருந்ததை அறிந்தவர்களுக்கு இதில் புதிர் ஏதும் இல்லை. மறைமலைநகரில் ஃபோர்டு 2011இல் புதிய ஃபியஸ்டாவைக் கொண்டுவந்தபோது வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது: புதியவருக்கு முழுப் பெயரையும் கொடுத்துவிட்டு, பழையதற்கு 'கிளாசிக்' என்ற வாலை ஒட்டியது. 2022இல் மஹிந்திரா இரண்டு பக்கமும் வால் வைத்தது. புதியது ஸ்கார்ப்பியோ-என், பழையது ஸ்கார்ப்பியோ கிளாசிக். வெறும் ஸ்கார்ப்பியோ என்று ஒன்று இல்லாமலே போனது. ஹூண்டாயின் ஐ10 குடும்பத்தில் இதே நெருக்கடி இரண்டு முறை வந்தது. 2007இல் வந்த ஐ10 விற்றுக்கொண்டிருக்கும்போதே 2013இல் கிராண்ட் ஐ10 வந்தது. கிராண்ட் ஐ10 விற்றுக்கொண்டிருக்கும்போதே 2019இல் கிராண்ட் ஐ10 நியோஸ் வந்தது. அனுமதி வாங்காமல் மாடிக்கு மேல் மாடி எழுப்பிய வீடு போல அந்தப் பெயர் நிற்பதைப் பார்த்தால், எந்த ஆண்டு எது போகாமல் அடம் பிடித்தது என்று சொல்லிவிடலாம்.

'கிளாசிக்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கார் விற்பனையில் அது பெரும்பாலும் காலம் கடந்த மேன்மையைக் குறிப்பதில்லை. இன்னும் நிறுத்த மனம் வராத பழைய வண்டி என்பதற்கான மரியாதையான சொல் அது.

இரண்டு வண்டிகள் சேர்ந்து நிற்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு; எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டதும் கம்பம், கூடலூர், குமுளி வழியாக ஏறி இறங்கும் வண்டிகளில் மஞ்சள் போர்டு எத்தனை என்று எண்ணி மாளாது. ஒரு மாடல் வாடகை வண்டியாக அதிகம் ஓடத் தொடங்கினால், சொந்த உபயோகத்துக்கு அதே வண்டியை வாங்க நினைப்பவர் தயங்குகிறார். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் 'வாடகைக்கு வருமா' என்று கேட்பதை யாரும் விரும்புவதில்லை. ஆனால் வாடகைச் சந்தையை விட்டுவிடவும் நிறுவனத்துக்கு மனம் வராது. மொத்தமாகவும் ஆண்டு முழுவதும் விற்கும் இடம் அது.

ஆகவே பெயரை இரண்டாகக் கிழிக்கிறார்கள். 2008இல் ஸ்விஃப்ட் டிசையர் என்று வந்த மாருதி செடான் மறுவடிவம் பெற்ற ஒவ்வொரு முறையும், அதற்கு முந்தைய வடிவம் 'டூர்' என்ற பெயரோடு வாடகைச் சந்தைக்கு ஒதுங்கியது. 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட் என்ற முன்னொட்டையும் உதறிவிட்டு டிசையர் என்று மட்டும் நின்றது. ஹூண்டாயின் எக்சென்டுக்கும் (ஆக்சென்ட் வேறு, இது வேறு) இதே கதை: வாடகைக்காரர்களுக்கு எக்சென்ட் பிரைம் என்று ஒரு கிளை பிரிந்தது. 2020 ஜனவரியில் புதிய வடிவம் வந்தபோது அதற்கு எக்சென்ட் என்ற பெயரே வேண்டாமென்று ஆரா என்று வைத்தார்கள்.

இந்த விதிக்கு எனக்குத் தெரிந்த பெரிய விலக்கு இன்னோவா. மஞ்சள் போர்டில் அது ஓடிய தூரத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் எப்போதோ மலிந்திருக்க வேண்டும். மாறாக, அத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியும் நிற்கவில்லை என்பதே அதன் விளம்பரம் ஆகிவிட்டது. ஆனால் இன்னோவாவின் முன்னோர் அவ்வளவு கொடுத்துவைத்தவர் அல்லர். 2000இல் வந்த குவாலிஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் 2005இல் இன்னோவா வந்தது. குவாலிஸ் என்ற பெயரில் ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை.

இதை இந்தோனேசியாவோடு ஒப்பிட்டால் பெயர்சூட்டலின் கணக்கு தெளிவாகிறது. நாம் குவாலிஸ் என்று அறிந்த வண்டி அங்கே கீஜாங். மானைக் குறிக்கும் சொல். 1977 முதல் அந்தப் பெயர் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. 2004இல் அடுத்த வடிவம் வந்தபோது அங்கே வைத்த பெயர் கீஜாங் இன்னோவா. ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே காலம், ஒரே இயந்திர மாற்றம். அங்கே பழைய பெயரை முன்னால் நிறுத்தினார்கள், இங்கே தூக்கி எறிந்தார்கள். அங்கே 27 ஆண்டு நற்பெயர் இருந்தது. இங்கே இருந்தது ஐந்து ஆண்டுப் பழக்கமும், ஒரு பெட்டி வடிவ வாடகை வண்டியின் நினைவும், அந்த நினைவோடு ஒட்டிய ஒரு விலையும்தான். ஊரில் ஒவ்வொரு வண்டிப் பெயருக்கும் ஒரு விலை உண்டு. அதற்கு மேல் சொன்னால் 'குவாலிசுக்கா இவ்வளவு?' என்று கேட்பார்கள். புதுப் பெயருக்கு அப்படிக் கேட்கப் பழைய விலை ஏதும் இல்லை. வண்டி பெரிதாகி விலையும் ஏறும்போது பெயரை விடுவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. 2011இல் வந்த எக்ஸ்யூவி500இன் இடத்தில் 2021இல் வந்த வண்டிக்கு எக்ஸ்யூவி700 என்று எண்ணையே ஏற்றி வைத்ததும் இதே கணக்கில்தான். விலைப்பட்டியலில் ஒரு படி மேலே போனதை எண்ணே சொல்லிவிடுகிறது.

இன்னோவா என்ற பெயருக்கு மதிப்பு சேர்ந்த பின் இந்தியாவிலும் இந்தோனேசிய வழியே பின்பற்றப்பட்டது. 2016இல் இன்னோவா கிறிஸ்டா, 2022 நவம்பரில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ். இதில் இரண்டாவதை மிகத் துணிச்சலான பெயர்சூட்டல் என்பேன். கிறிஸ்டா வரை இன்னோவா என்றால் தனி இரும்புச் சட்டத்தின் மேல் அமர்ந்த உடல், பின் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை, டீசல். ஹைகிராசில் சட்டம் தனியாக இல்லை, இழுவை முன் சக்கரத்தில், டீசல் கிடையாது; பெட்ரோலும், பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிடும்தான். ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னோக்கிச் சாய்வதால், ஆள் நிறைத்துக்கொண்டு மலை ஏறும்போது பின் சக்கர இழுவைக்குப் பிடிப்பு கூடுதல். குமுளி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுபவர்களுக்கு இது பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இயந்திரத்தின்படி பார்த்தால் ஹைகிராஸ் வேறு சாதி வண்டி, புதுப் பெயருக்கு எல்லாத் தகுதியும் உடையது. விலைப்பட்டியலின்படி பார்த்தால் அது இன்னோவா வாங்கும் குடும்பத்துக்கே விற்க வேண்டிய வண்டி. பெயர் அந்தப் பக்கமே சாய்ந்தது. டீசல் கேட்பவர்கள் விடவில்லை என்பதால் 2023இல் கிறிஸ்டா டீசலும் திரும்ப வந்து, இன்று இரண்டும் ஒன்றாக விற்கின்றன.

நம் வழக்கில் தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. கார் நிறுவனங்களும் அண்மைக் காலத்தில் இந்த வழக்கத்துக்கு வந்திருக்கின்றன. 1999இல் வந்து ஓய்ந்துபோன பலேனோ என்ற செடானின் பெயர் 2015இல் ஒரு ஹேட்ச்பேக்குக்கு வந்தது. சான்ட்ரோ 2018இலும் சஃபாரி 2021இலும் திரும்ப வந்தன. பேரனுக்கும் தாத்தாவுக்கும் முகஜாடை இருக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, சட்டமும் இருக்கிறது. பதிவுபெற்ற வணிகப் பெயரைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரிப் பிறர் விண்ணப்பிக்க இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் இடம் தருகிறது. உலகம் முழுவதும் யாரும் எடுக்காத, எந்த மொழியிலும் கெட்ட பொருள் தராத புதுச் சொல்லைத் தேடுவதைவிடப் பரணில் கிடக்கும் பெயரைத் துடைத்து எடுப்பது எளிது.

ஆனால் பெயரன் வழக்கம் எப்போதும் பலிப்பதில்லை. 2006இல் மாருதி ஜென் நிறுத்தப்பட்டு, ஜென் எஸ்டிலோ என்ற பெயரில் சற்றும் தொடர்பில்லாத ஓர் உயர்ந்த வடிவ வண்டி வந்தது. ஜென்னின் தாழ்ந்த, துடிப்பான ஓட்டத்தை விரும்பியவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2009இல் ஜென் என்ற சொல் கழற்றப்பட்டு எஸ்டிலோ மட்டும் மிஞ்சியது.

சட்டத்தாலும் தற்செயலாலும் நேரும் பெயர்மாற்றங்கள் செய்தித்தாளில் பெரிதாக வருகின்றன. உண்மையில் அவை சிறுபான்மை. 1960களில் போர்ஷே தன் புதிய வண்டிக்கு 901 என்று பெயரிட்டது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்களுக்குப் பிரான்ஸில் உரிமை கொண்டாடிய பெஜோ எதிர்த்ததால் அது 911 ஆயிற்று. டாடாவின் ஸிகா, 2016இல் ஸிகா வைரஸ் உலகைப் பயமுறுத்திய வேளையில், விற்பனைக்கு வருமுன்பே டியாகோ ஆனது. 2024 நவம்பரில் சென்னையில் மஹிந்திரா அறிமுகப்படுத்திய பி.இ. 6இ என்ற மின்கார், தன் விமானக் குறியீடான 6இ பற்றி இண்டிகோ நீதிமன்றம் சென்றதும், சில நாட்களில் பி.இ. 6 ஆகச் சுருங்கியது.

பெயரை மாற்றித் தோற்றவர்களுள் நினைவில் வைக்க வேண்டியவர்கள் அமெரிக்க ஃபோர்டு நிறுவனத்தார். 1992 முதல் 1996 வரை அந்நாட்டிலேயே அதிகம் விற்ற கார் அவர்களுடைய டாரஸ். பிறகு அதைக் கவனிக்காமல் விட்டு, 2004இல் அதற்கு மாற்றாக ஃபைவ் ஹண்ட்ரட் என்ற வண்டியைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயர் யார் மனத்திலும் ஒட்டவில்லை. நிறுவனத்தின் தலைமைக்கு வந்த ஆலன் முலாலி, 2007இல் ஃபைவ் ஹண்ட்ரடுக்கு டாரஸ் என்று திரும்பப் பெயர் வைக்கச் செய்தார். மாறாக, 1966இல் பிறந்த டொயோட்டா கொரோலாவும் 1974இல் பிறந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் தலைமுறைதோறும் புதிதாக வடிவமைக்கப்பட்டு இன்றும் அதே பெயரில் நிற்கின்றன. 205, 206, 207, 208 என்று தலைமுறைக்கு ஓர் எண் ஏற்றிவந்த பெஜோகூட, 208 வந்த பிறகு அடுத்த வடிவத்துக்கும் 208 என்றே வைத்து எண் ஏற்றுவதை நிறுத்திவிட்டது. நம் நாட்டில் 1998 முதல் சிட்டி என்ற பெயரை விடாதது ஹோண்டா. 2020இல் ஐந்தாம் தலைமுறை வந்தபோது நான்காம் தலைமுறையும் கூடவே விற்றது, இரண்டும் சிட்டிதான். பெயர் மாற்றாத குறையை வாங்குவோர் தலைமுறை எண்ணைச் சொல்லி நிரப்பிக்கொண்டார்கள்.

அப்படி நிரப்புவது புதிதல்ல. ஃபியட் நிறுவனத்தின் உரிமத்தில் பம்பாயில் தயாரான 1100 டிலைட், 1970களில் முதலில் பிரீமியர் பிரசிடென்ட், பிறகு பிரீமியர் பத்மினி ஆனது. வண்டி அதேதான், உரிமம்தான் முடிந்திருந்தது. ஊரோ கடைசி வரை அதை ஃபியட் என்றே அழைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இதைவிடப் பழைய பிடிவாதம் ஒன்று உண்டு. விடிவதற்கு முன் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் ஏறும் வண்டிகள் கமாண்டர், மார்ஷல், மேஜர், பொலிரோ என்று எத்தனை பெயரில் பதிவாகியிருந்தாலும் ஆட்களுக்கு ஜீப்தான். ஜீப் என்ற பெயருக்கு உரிய நிறுவனம் 2016இல் இந்தியாவில் முறையாகக் கடை திறந்தது. அதன் காம்பஸ் வண்டியைக் காட்டி ஜீப் என்று சொன்னால், ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் சிரிப்பார்கள்.

டைப் 1, டைப் 2 என்ற எண்களும் இப்படி வந்தவைதான். எந்த நிறுவனத்தின் விளம்பரத்திலும் அவை இல்லை. ஆனால் கம்பத்தில் டைப் 3 என்றால் என்னவோ அதுவேதான் கட்டப்பனையிலும், மலையாளத்தில் கேட்டாலும். நிறுவனம் ஷோரூமுக்காகப் பெயர் வைக்கிறது. ஷோரூமை விட்டு வந்த பிறகும் பதினைந்து ஆண்டு ஓடும் வண்டிக்குப் பாகம் விற்பவருக்கு அந்தப் பெயரால் பயன் குறைவு. எந்த பம்பர் எந்த விளக்குக்குப் பொருந்தும் என்பதே அவருடைய அகராதி. கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றி வாங்கும்போதும் தரகர்கள் இதே மொழியில்தான் பேரம் பேசுகிறார்கள்: கிறிஸ்டாவின் விலை ஒன்று, டைப் 4இன் விலை இன்னொன்று, டைப் 1 என்றால் குரலே இறங்கிவிடும்.

ஓட்டுநர் திரும்பி வந்து, முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆர்.சி. புத்தகப் படத்தை நீட்டினார். கடைக்காரர் மாடல் என்ற கட்டத்தைப் படிக்கவில்லை. தயாரித்த மாதமும் ஆண்டும் இருந்த வரியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சேஸிஸ் எண்ணை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். பிறகு ஏணியில் ஏறி ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். அதன் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால், அவருடைய கையெழுத்தில், 'இன்.3 இடது' என்று எழுதியிருந்தது.